எதைப் பாத்தாலும் ஆச்சரியமே வரலை, உங்களுக்கெல்லாம் எப்படி வருது?

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு வயசு 41. போன மாசம் குடும்பத்தோட ஒரு பெரிய அருவிக்குப் போனோம், பத்து வருஷமா பாக்கணும்னு நினைச்சுட்டிருந்த இடம். போய் நிக்கறேன், சத்தம் காதை அடைக்குது, சாரல் முகத்துல அடிக்குது, ஆனா உள்ள ஒண்ணுமே நடக்கலை. போட்டோ எடுத்தேன் வீடியோ எடுத்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா 214 போட்டோ இருக்கு. அந்த அருவியை ஏற்கனவே போன்ல அம்பது தடவையாவது பாத்திருப்பேன், ட்ரோன்ல எடுத்தது, விடியக்காலைல எடுத்ததுன்னு, அதனால நேர்ல பாக்கும்போது "ஆமா இதேதான்"னு மட்டும்தான் தோணுச்சு.

என் பொண்ணுக்கு 6 வயசு. அவ அருவியை ரெண்டு நிமிஷம் பாத்தா, அப்புறம் திரும்பி கீழ உக்காந்துட்டா. ஒரு எறும்பு செத்துப்போன தட்டானோட றெக்கையை இழுத்துட்டுப் போகுது. காத்து அடிச்சா றெக்கை பாய்மரம் மாதிரி நிமிருது, எறும்பு குப்புற விழுது, எழுந்து மறுபடி இழுக்குது. அரைமணி நேரம் அதையே பாத்துட்டிருந்தா. கிளம்பலாம் வாடான்னா "இருப்பா, அது இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரலை"ங்கறா. நான் எறும்பைப் பாக்கலை, அவ முகத்தைத்தான் பாத்துட்டு நின்னேன். இந்த முகம் எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சுன்னு தோணுச்சு, அன்னைலேர்ந்து அந்த நினைப்பு விடவே மாட்டேங்குது.

இது வயசானா எல்லாருக்கும் வர்றதா? போனதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? தத்துவமா சொல்லாம, நீங்க நிஜமா என்ன செய்றீங்க, எதைப் பாக்கறீங்கன்னு சொன்னா உதவியா இருக்கும்.

---

பாசிப்பிரியை:

வணக்கம் சகோ. படிச்சதும் உடனே எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா மூணு வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு வழி திறந்தது ஒரு சின்ன லென்ஸ். நகைக்கடைக்காரங்க கண்ணுல வச்சுப் பாப்பாங்களே, 10 மடங்கு பெருசாக்கிக் காட்டறது, அதுதான். முதல் நாள் என்ன பாக்கறதுன்னே தெரியலை, வீட்டுப் பின்சுவத்துல ஈரத்துக்கு வளந்திருக்கிற பாசி கண்ணுல பட்டுச்சு. பச்சை வெல்வெட் மாதிரி இருக்குமே அது. தூரத்துலேர்ந்து பாத்தா அழுக்கு. லென்ஸ்ல பாத்தா காடு! ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மரம் மாதிரி, இலைங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுநடுல முடி மாதிரி தண்டு கிளம்பி, அது நுனில ஒரு குட்டிக் கூஜா தொங்குது, அதுக்குள்ளதான் வித்துத்தூள் இருக்கு. பாசிக்கு நிஜமான வேரு கிடையாது, தண்ணியை மேல ஏத்தற குழாயும் நமக்குத் தெரிஞ்ச மரம்செடில இருக்கற மாதிரி கிடையாது, பெரும்பாலும் மேல் உடம்பாலயே உறிஞ்சிக்கும். அதனால வெயில்ல காஞ்சு பழுப்பா சுருண்டு கிடக்கற பாசி மேல ரெண்டு சொட்டு தண்ணி விட்டுட்டு லென்ஸோட காத்திருங்க. சில நிமிஷத்துல இலை ஒண்ணொண்ணா விரியும், பச்சை திரும்பி வரும். நான் இதை எத்தனையோ தடவை பாத்தாச்சு, இன்னும் அலுக்கலை.

ஒரு விஷயம், லென்ஸை எப்படிப் பிடிக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்லை. பொருள்கிட்ட லென்ஸைக் கொண்டுபோய் நாம எட்ட நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. லென்ஸைக் கண்ணோட ஒட்டி வச்சுக்கணும், கன்னத்துல கை ஊன்றிக்கணும், அப்புறம் பொருளையோ நம்ம தலையையோ கிட்ட கொண்டுபோகணும். டக்குனு ஒரு இடத்துல தெளிவாகும்.

அந்தப் பாசிக்குள்ள நீர்க்கரடின்னு ஒரு ஜீவன் இருக்கு, எட்டுக் கால், பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. அதைப் பாக்க மைக்ராஸ்கோப் வேணும். பாசி காஞ்சா அதுவும் காஞ்சு உருண்டையா சுருங்கிடும், தண்ணி பட்டா எழுந்து நடக்கும். 2007ல அதுங்களை ராக்கெட்ல அனுப்பி விண்வெளில வெற்றிடத்துல திறந்து வச்சாங்க, திரும்பி வந்து சிலது உயிரோட இருந்துச்சு. அப்பேர்ப்பட்ட ஒண்ணு நான் தினம் துணி காயப்போடற சுவத்துல இருக்கலாம்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரலை.

உங்க பொண்ணுகிட்ட இதையும் சொல்லுங்க: எறும்பு வீட்டுக்கு எப்படி வழி கண்டுபிடிக்குதுன்னு பாக்க, 2006ல பாலைவன எறும்புங்களுக்குக் காலுல குட்டியா பொய்க்கால் ஒட்டி விட்டுப் பாத்தாங்க. இரை எடுத்த இடத்துல வச்சு ஒட்டுனதால, காலு நீளமான எறும்பு புத்தைத் தாண்டி ரொம்ப தூரம் போய் நின்னு தேடுச்சு, காலைக் குட்டையாக்கின எறும்பு பாதிலயே நின்னு தேடுச்சு. அதாவது எத்தனை அடி வச்சோம்ங்கறதுக்கு அதுகிட்ட ஏதோ ஒரு கணக்கு இருக்கு.

---

அரைக்கேள்வி:

நல்ல திரி. எனக்கு ஒரு சந்தேகம். இப்படி எல்லாத்துக்கும் விளக்கம் தெரிஞ்சுக்கிட்டா ஆச்சரியம் இன்னும் குறைஞ்சுதானே போகும்? வானவில்லை சின்ன வயசுல பாத்தப்போ இருந்த மயக்கம், பள்ளிக்கூடத்துல ஒளிவிலகல் படிச்சதும் போயிடுச்சு எனக்கு. ஜன்னலோரத்துக்கும் அதுதான் நடந்திருக்குமோ?

---

ஓலைச்சுவடி:

தமிழ் வாத்தியார்ங்கற முறைல நான் ஒண்ணு சொல்றேன். அரைக்கேள்விக்கும் இதுல பதில் இருக்கும்னு நினைக்கிறேன்.

தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு. மனுஷனுக்கு உள்ள நடக்கறது உடம்புல எப்படி வெளிப்படுதுன்னு எட்டா பிரிச்சிருக்கு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதுல மருட்கைங்கறதுதான் நாம பேசற வியப்பு. அது எதனால வருதுன்னு நாலு காரணம் சொல்லியிருக்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம்.

ஜன்னலோரம் சார், இந்த நாலையும் வச்சு உங்க அருவியைப் பாருங்க. பெருமை இருக்கு, அதாவது அளவுல பெருசு. புதுமை போயிடுச்சு, அதைத்தான் போன் தின்னுடுச்சு. ரெண்டுல ஒண்ணு போனதும் வெறுமையா ஆயிடுச்சு. உங்க பொண்ணு பாத்தது மூணாவது, சிறுமை. ஒண்ணு சின்னதா இருக்கறதே வியப்புக்குக் காரணமாகும்னு அவ்வளவு காலத்துக்கு முன்னாடி ஒருத்தர் யோசிச்சு, பெருமைக்குப் பக்கத்துலயே சமமா வச்சிருக்கார் பாருங்க, எனக்கு அந்த இடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் குரல் மாறிடும். நாம வியப்புன்னாலே பயணம் போகணும், மலை ஏறணும், உலக அதிசயம் பாக்கணும்னு நாலுல ரெண்டு காரணத்தையே துரத்திட்டிருக்கோம்.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆக்கம்னா ஒண்ணு இன்னொண்ணா ஆகறது. விதை செடியாகறது, புழு பட்டாம்பூச்சியாகறது. கூட்டுக்குள்ள புழுவோட உடம்பு பெரும்பகுதி கரைஞ்சு மறுபடி கட்டப்படுது. 2008ல ஒரு ஆராய்ச்சில, ஒரு வகை அந்துப்பூச்சியோட புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி லேசா ஷாக் குடுத்துப் பழக்கினாங்க. அது கூடு கட்டி, கரைஞ்சு, றெக்கையோட வெளில வந்த பிறகும் அந்த வாசனையை விட்டு விலகிப் போச்சு. உடம்பே மாறியும் ஞாபகம் மிச்சம் இருந்திருக்கு.

அந்த நூற்பாவுலயே "மதிமை சாலா மருட்கை"ன்னு வருது. அறிவுக்கு எட்டாம மிஞ்சி நிக்கறதுன்னு நான் அதை எடுத்துக்கறேன். விளக்கம் தெரிஞ்ச பிறகும் மிஞ்சறது இருக்கு இல்லையா, அதுதான். 2003ல டாக்கர் கெல்ட்னர், ஜானதன் ஹைட்னு ரெண்டு உளவியல் பேராசிரியர்கள் பிரமிப்பைப் பத்தி எழுதின கட்டுரைல ரெண்டு அடையாளம் சொன்னாங்க, நம்மைவிடப் பெரிய ஒண்ணை எதிர்கொள்றது, அதை அடக்க மனசு தன்னையே மாத்திக்க வேண்டியிருக்கறது. அந்த ரெண்டாவதைப் படிச்சப்போ எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வந்துச்சு.

---

தூரிகை77:

ஓலைச்சுவடி ஐயா, இதை இத்தனை நாளா யாரும் எங்களுக்குச் சொல்லலையே, நன்றி.

அரைக்கேள்வி, வானவில்லைப் பத்தி உங்களுக்குப் பள்ளிக்கூடத்துல பாதிதான் சொல்லியிருக்காங்கன்னு நினைக்கிறேன். வானவில் அங்க ஒரு இடத்துல நிக்கற பொருள் கிடையாது. உங்க தலையோட நிழல் எங்க விழுதோ அந்தத் திசையை மையமா வச்சு சுமார் 42 டிகிரில இருக்கற துளிங்க மட்டும்தான் உங்க கண்ணுக்குச் சிவப்பை அனுப்புது. பக்கத்துல நிக்கறவருக்கு வேற துளிங்க. அதாவது அவர் பாக்கறது வேற வானவில். உங்க வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் கூட வேற வேற! அடுத்த தடவை வந்தா வில்லுக்கு உள்பக்க வானம் வெளிப்பக்கத்தைவிட வெளிச்சமா இருக்கான்னு பாருங்க, ரெண்டாவது வில் தெரிஞ்சா அதுல நிறம் தலைகீழா இருக்கும். இது எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் நான் வானவில்லை அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னு பாக்கவே ஆரம்பிச்சேன், அதுக்கு முன்னாடி "ஐ வானவில்"னு சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிடுவேன்.

நான் சொல்ல வந்தது ஓவியம் பத்தி. 2001ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல மக்கள் ஒரு படத்து முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு அளந்து ஒரு ஆய்வு வெளியாச்சு, சராசரி 27 செகண்ட், அதுலயும் பாதிப்பேர் 17 செகண்டுக்குள்ள நகந்துடறாங்க. உலகத்துலயே பேர் போன படம் முன்னாடி நின்னும் அவ்வளவுதான். நான் வாரத்துல ஒரு நாள் ஒரே ஒரு படம்னு வச்சிருக்கேன், கம்ப்யூட்டர் திரைல பெருசா, 30 நிமிஷம், கையில பேனாவும் பேப்பரும். முதல் 5 நிமிஷம் போரடிக்கும். ஏழாவது எட்டாவது நிமிஷத்துல எரிச்சலே வரும், போனை எடுக்கக் கை போகும். அதைத் தாண்டிட்டா படம் திறக்கும்.

உதாரணத்துக்கு வெர்மீர் சுமார் 1665ல வரைஞ்ச முத்துத்தோடு போட்ட பொண்ணு. எல்லாரும் பாத்த படம்தான், நானும் நூறு தடவை பாத்திருப்பேன். ஒரு நாள் உக்காந்து அந்த முத்தையே பாத்தா, அங்க முத்தே இல்லை. மேல ஒரு வெள்ளைத் தீத்தல், கீழ காலரோட வெளிச்சம் பட்ட மாதிரி மங்கலா ஒரு தீத்தல், அவ்வளவுதான். காதுல மாட்டற கொக்கி கூட வரையலை! மிச்சத்தை என் மூளை வரைஞ்சுக்கிச்சு. அந்தப் படம் இருக்கற மௌரிட்ஸ்ஹவுஸ் மியூசியம் 2018ல அதை ஸ்கேன் பண்ணி 2020ல முடிவை வெளியிட்டாங்க, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான இமைமுடி இருக்கு, பின்னாடி கறுப்பா தெரியற இடத்துல ஒரு காலத்துல பச்சைத் திரை இருந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. 350 வருஷமா எல்லாரும் பாத்துட்டே இருந்த படம்.

214 போட்டோ எடுத்ததுக்கு வருத்தப்படாதீங்க. 2014ல லிண்டா ஹெங்கல்னு ஒரு உளவியல் ஆய்வாளர் மியூசியத்துல சோதனை பண்ணி, போட்டோ எடுத்த பொருளை மக்கள் குறைவா ஞாபகம் வச்சிருக்காங்க, சும்மா பாத்ததைக் கூடுதலா ஞாபகம் வச்சிருக்காங்கன்னு எழுதினாங்க. ஆனா அதே சோதனைல ஒரு பகுதியை மட்டும் ஸூம் பண்ணி எடுத்தவங்களுக்கு ஞாபகம் குறையலை. அதனால அடுத்த அருவில ஒரே ஒரு பாறை இடுக்கை மட்டும் தேர்ந்தெடுத்து எடுத்துப் பாருங்க.

---

காதால்பார்ப்பவன்:

எனக்கு ஒரு கண்ணுல பார்வை சுத்தமா இல்லை, இன்னொண்ணுல நிழல் மாதிரிதான் தெரியும். குரல்ல சொல்லித்தான் இதை டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. எல்லாரும் "பாருங்க பாருங்க"ன்னே எழுதியிருக்கீங்க, காதும் மூக்கும் இருக்குன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

பாட்டில்ல தண்ணி பிடிக்கும்போது கண்ணை மூடிட்டுக் கேளுங்க. தண்ணி ஏற ஏற சுதி ஏறும். உள்ள இருக்கற காத்துத் தூண் குட்டையாகிட்டே போகுது, புல்லாங்குழல்ல நடக்கற அதே விஷயம்தான். நிறையப் போகுதுங்கறது சத்தத்துலயே தெரிஞ்சுடும், நான் ஒரு நாளும் வழிய விட்டதில்லை. இன்னொண்ணு, சுடுதண்ணி ஊத்தற சத்தமும் பச்சைத்தண்ணி ஊத்தற சத்தமும் ஒண்ணு இல்லை. சுடுதண்ணி கொஞ்சம் மந்தமா கனமா விழும், பச்சைத்தண்ணி கணீர்னு விழும். யாரையாவது ரெண்டையும் ஊத்தச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்க, உங்களுக்கே தெரியாம இத்தனை வருஷமா உங்க காதுக்கு இது தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் மண்வாசனை. முதல் மழைக்கு வர்ற அந்த வாசனைக்கு 1964ல ஆஸ்திரேலிய விஞ்ஞானிங்க ரெண்டு பேர் பெட்ரிகார்னு பேர் வச்சாங்க. அதுல முக்கியமானது ஜியோஸ்மின்னு ஒரு பொருள், மண்ணுல இருக்கற நுண்ணுயிர் உண்டாக்கறது. லட்சம் கோடியில சில பங்கு கலந்திருந்தாலே மனுஷ மூக்கு கண்டுபிடிச்சுடும், அவ்வளவு கூர்மை. அந்த நுண்ணுயிர் எதுக்கு இப்படி மணக்குதுன்னு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. மண்ணுல தத்தித் திரியற குட்டிப்பூச்சிங்க அந்த வாசனைக்கு வந்து அதைத் தின்னு, அதோட வித்துங்களை உடம்புல ஒட்டிக்கிட்டு வேற இடத்துக்குக் கொண்டுபோகுதாம். பூ வண்டை கூப்பிடற மாதிரி மண்ணு பூச்சியைக் கூப்பிடுது, நாம நடுவுல நின்னு மோந்துட்டு "ஆஹா"ங்கறோம். மழை வந்தா எங்க வீட்டுல முதல்ல கதவைத் திறக்கற ஆள் நான்தான்.

---

ராத்திரிடூட்டி:

நான் நர்ஸ், பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். முதல்ல ஒரு விஷயத்தை அக்கறையோட கேட்கறேன் அண்ணா. ஆச்சரியம் மட்டும்தான் வரலையா, இல்லை பிடிச்ச பாட்டு, பிடிச்ச மனுஷங்க, சாப்பாடு, எதுவுமே சந்தோஷம் தரலையா? தூக்கம் எப்படி இருக்கு? ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பே இல்லாம இருந்தா அது மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு லென்ஸ் போதாது, டாக்டரைப் பாக்கணும். அப்படி இல்லைன்னா மேல படிங்க.

ஷிஃப்ட் நடுவுல 10 நிமிஷம் மொட்டை மாடிக்குப் போவேன். எனக்கு நிலா. அடிவானத்துல பெருசா இருக்கற நிலா மேல வந்ததும் சின்னதாயிடுது இல்லையா? கையை முழுசா நீட்டி சுண்டுவிரல் நகத்தால மறைச்சுப் பாருங்க. கீழ இருக்கும்போதும் மறையும், மேல இருக்கும்போதும் அதே அளவுதான் மறையும். நிலா அரை டிகிரிதான், சுண்டுவிரல் சுமாரா ஒரு டிகிரி. சொல்லப்போனா உச்சிக்கு வரும்போதுதான் நமக்கு ஒரு துளி கிட்ட இருக்கு, அதனால மயிரிழை பெருசு. பெருசாக்கிக் காட்டறது முழுக்க நம்ம மூளை, எதுக்கு அப்படிக் காட்டுதுங்கறதுல இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே விளக்கம் கிடையாது.

மூணாம் பிறை நாள்ல இன்னொண்ணு இருக்கு. பிறைக்குள்ள மிச்ச வட்டம் சாம்பலா லேசாத் தெரியும். அது பூமில பட்ட சூரிய வெளிச்சம் நிலாவுக்குப் போய் அங்க பட்டு மறுபடி நமக்கு வர்றது. லியனார்டோ டா வின்சி 500 வருஷம் முன்னாடியே இதைக் கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்கார். நம்ம வீட்டு வெளிச்சத்தை நாமளே நிலாவுல பாக்கறோம்னு நினைச்சா, ஒரு நாள் வார்டுல ஒருத்தர் தவறிப்போன ராத்திரி, நான் மேல போய் அதைத்தான் பாத்துட்டு நின்னேன். அழுகையும் வந்துச்சு, ஏதோ பெருசா ஒண்ணு தாங்கிப் பிடிச்ச மாதிரியும் இருந்துச்சு. அதைச் சரியா சொல்லத் தெரியலை.

2020ல ஒரு ஆய்வு படிச்சேன், வயசானவங்களை வாரம் ஒரு தடவை 15 நிமிஷம், 8 வாரம், ஏதாவது வியப்பா இருக்கான்னு கவனிச்சுட்டே நடக்கச் சொன்னாங்க, நடக்கும்போது தன்னைத்தானே போட்டோ எடுக்கவும் சொன்னாங்க. வாரம் போகப் போக போட்டோல அவங்க உருவம் சின்னதாகிட்டே வந்துச்சாம், சுத்தி இருக்கறது பெருசாகிட்டே வந்துச்சாம். சிரிப்பும் கூடிட்டே வந்துச்சாம்.

---

அரைக்கேள்வி:

ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு வானவில்லா... இதை நான் ஒரு வாரமா யோசிக்கப் போறேன். என் கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன். பள்ளிக்கூடத்துல எனக்கு விளக்கம் நிறையக் கிடைச்சதுதான் காரணம்னு நினைச்சேன், கொஞ்சூண்டு கிடைச்சதும் நிறுத்திக்கிட்டேன் போல.

---

ஜன்னலோரம்:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கலை. நர்ஸ் தங்கச்சி, கேட்டதுக்கு ரொம்ப நன்றி, பாட்டு பிடிக்குது, பொண்ணோட விளையாடறது பிடிக்குது, தூக்கம் சரியாதான் இருக்கு. ஆனா நீங்க கேட்ட பிறகு நான் நேர்மையா உக்காந்து யோசிச்சுத்தான் இதை எழுதறேன்.

ஓலைச்சுவடி ஐயா சொன்ன அந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதி மேஜைல ஒட்டி வச்சிருக்கேன். சிறுமைக்குக் கீழ கோடு போட்டிருக்கேன்.

நேத்து சாயங்காலம் பொண்ணோட மாடிக்குப் போய் சுண்டுவிரல் சோதனை பண்ணோம். நிலா கீழ பெருசா இருந்துச்சு, அவ நகத்தை வச்சு மறைச்சா, "போயிடுச்சு"ன்னு சொன்னா. மூணு மணி நேரம் கழிச்சுத் தூக்கக் கலக்கத்துல இருந்தவளை மறுபடி தூக்கிட்டுப் போனேன், மறுபடி வச்சா, மறுபடி போயிடுச்சு. கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அப்போ கீழ பாத்த பெரிய நிலா எங்கப்பா இருந்துச்சு?"ன்னு கேட்டா. நான் அப்படியே நின்னுட்டேன், உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. 41 வயசுல எனக்கு அந்தக் கேள்வி வரலையே.

அவ தூங்கின பிறகும் நான் மாடிலயே இருந்தேன், போன் கீழ இருந்துச்சு. எவ்வளவு நேரம்னு தெரியலை.

பாசிப்பிரியை சகோ, 10 மடங்கு லென்ஸ் ஆர்டர் போட்டாச்சு, ரெண்டு. ஒண்ணு அவளுக்கு. கண்ணாடி போட்டிருக்கறவங்க லென்ஸைக் கண்ணாடிக்கு மேலயே ஒட்டிப் பிடிக்கலாமா, இல்லை கழட்டிடணுமா?

---

பாசிப்பிரியை:

கழட்டிட்டுப் பாருங்க, கிட்டப்பார்வை தூரப்பார்வை எதுன்னாலும் தூரத்தைக் கொஞ்சம் முன்னப்பின்ன நகத்தினா சரியாகிடும், கண்ணுல சிலிண்டர் பவர் அதிகமா இருந்தா மட்டும் போட்டுக்கிட்டே பாருங்க. சின்னப் பிள்ளைக்குக் கழுத்துல கயிறு கட்டிக் குடுங்க, இல்லைன்னா முதல் நாளே தொலைஞ்சுடும். சூரியனை மட்டும் அது வழியாப் பாக்கவே கூடாதுன்னு முதல்லயே சொல்லி வச்சிடுங்க. அந்தத் தட்டான் றெக்கை மாதிரி ஒண்ணு எங்கயாவது கிடந்தா எடுத்து வையுங்க, முதல்ல அதைத்தான் ரெண்டு பேரும் பாக்கணும்.